ஒன்பது சங்கிலித் தூரம்

தென்காசியில் செண்பகவல்லி டீச்சரிடம் கணக்குப் படித்த பெண்களை எங்கே போனாலும் அடையாளம் கண்டுவிடலாம். முக்கோணம் வரையச் சொன்னால், காம்பஸ் வளைவு கோட்டை எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனை இடத்திலும் புள்ளி வைப்பார்கள். புத்தகம் ஒரு புள்ளிதான் கேட்டிருக்கும். விடைத்தாள் திருத்துகிற வெளியூர்க்காரர்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒருவர் தலைமையாசிரியையிடம் வந்து கேட்கவே செய்தார். வகுப்பில் பிள்ளைகள் கேட்டாலும் செண்பகவல்லி, "இன்னொண்ணையும் பாரு" என்பதோடு சரி.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சாரல் காலத்தில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகும்போது, மரத்தடியில் யாரோ சமைத்துவிட்டுப் போன மூன்று கல் கிடந்தால் அதில் பானை ஏற்ற விடமாட்டாள். இரும்பு அடுப்பை ஒரு ஆள் ஊரிலிருந்தே சுமந்து வரவேண்டும். "டீச்சருக்கு ரொம்பத்தான் சுத்தம்" என்று சமையல்காரி முணுமுணுப்பாள். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவர்கள் வீடு சன்னதித் தெருவுக்குப் பின்னால் ஒரு முடுக்கில் இருந்தது. முற்றத்தில் நின்றால் கோபுரம் தெரியும். அந்தக் காலத்தில் அது பிளந்து, இரண்டு பாதியாக நின்றது. நடுவில் ஒரு கீற்று வானம். சின்ன வயதில் செண்பகவல்லியும் தம்பி பால்வண்ணநாதனும் அந்தக் கீற்று வழியாகத்தான் மலையில் மேகம் இறங்குவதைப் பார்ப்பார்கள்.

செண்பகவல்லிக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் நடந்தது. புருஷன் வீட்டுக்குப் போவதற்குள் புருஷன் போய்விட்டான். அப்பா ஊர் வாயைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். டிரெயினிங் முடித்துத் திரும்பி, ஊரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். அதிகம் பேசமாட்டாள். அப்போதெல்லாம் கரும்பலகையில் அவள் போடும் முக்கோணம் மூன்று கோணமும் கூர்மையாக, நிமிர்ந்து நிற்கும். விரிகோண முக்கோணம் பாடத்தில் வந்தால் போடுவாள்; மற்றபடி போடமாட்டாள். அது யாரோ ஒருவன் சரிந்து விழுந்து கிடப்பது போலிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தம்பி பத்தாம் வகுப்பு தேறி சர்வே வேலையில் சேர்ந்தான். முப்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம், குற்றாலத்துக்கு மேலே காட்டை அளக்கப் போன கூட்டத்தில் அவனும் இருந்தான். சாரல் பிடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் ஒரு பியூன் வந்து அவனுடைய தகரப் பெட்டியையும் குடையையும் முற்றத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மலைக்காய்ச்சல். ஆற்றில் வெள்ளம், உடம்பைக் கீழே கொண்டுவர வழியில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் எரிக்கவும் முடியவில்லை. காட்டிலேயே புதைத்துவிட்டார்கள்.

எங்கே என்று பியூனுக்குத் தெரியாது. சர்வே அதிகாரியை வடக்கே வெகுதூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய் அவரும் காலமானார். அப்பா ஆள்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி, ஒரு வாரம் புதர் புதராகத் தேடிவிட்டு, வெறுங்கையோடு வந்தார். மறுவருஷம் அவரும் போனார்.

அம்மா பேராச்சி கருமாதி செய்ய விடவில்லை. "எம் புள்ள எலும்பக்கூட நான் பாக்கல்ல. செத்துட்டான்னு எவன் சொன்னான்?" என்றாள். உச்சிப் பொழுதில் தினமும் அவனுக்கு ஒரு இலை போடுவாள். சோறு வைத்துத் தண்ணீர் தெளிப்பாள். இலைக்கு எதிரே உட்கார்ந்து, அவன் வந்து கை வைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் சாய்ந்ததும் சோறு காக்காய்க்குப் போகும். அதன் பிறகு தான் ஒரு கைப்பிடி தின்பாள்.

தென்காசிப் பக்கம் எதற்கெடுத்தாலும் 'சவம்' என்பார்கள். சவத்து மழை, சவத்து மாடு, சவத்த விடு. பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மட்டும் அந்தச் சொல் யார் வாயிலும் வரவில்லை.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. ஏழாவது சாரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் வாசலில் வந்து நின்றார். நல்ல உயரம், ஒரு தோள் மற்றொன்றைவிடத் தாழ்ந்திருந்தது.

"பால்வண்ணம் ஐயா வீடு இதானா தாயி?"

"ஆமா. நீங்க?"

"சங்கிலிப்பாண்டி. சிவகிரிப் பக்கம். சர்வேயில அளவுச் சங்கிலி பிடிச்சேன். பேருக்கேத்த வேலதாம்வே ஒமக்குன்னு ஒங்க தம்பி சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவாவ." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அருவியில குளிக்க வந்தேன். இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு எட்டு வீட்டப் பாக்காமப் போனா மனசு கேக்காதுல்லா. எலும்ப எடுத்தாந்து ஆத்துல விட்டுட்டியள்லா?"

செண்பகவல்லி பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து பேராச்சியின் குரல் வந்தது. "எங்கன இருக்கான்?"

சங்கிலிப்பாண்டிக்கு முகம் மாறியது. "எடுக்கவே இல்லயா? அதிகாரி ஐயா சொல்லி அனுப்புதேன்னாவளே!"

அவர் உட்கார்ந்து சொன்னார். சொல்லும்போது கைகள் இல்லாத சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தன.

மலையில் ஒரு பாறைமேல் சர்வே கல் நட்டிருந்தது, மேலக்கல் என்பார்கள். கீழே ஓடைக்கரையில் இன்னொன்று, கீழக்கல். இரண்டுக்கும் நடுவே பத்துச் சங்கிலித் தூரம். மேலக்கல்லில் மூன்று காலில் நிற்கிற தூரக்கண்ணாடியை வைத்து, அதிகாரி கீழக்கல்லைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வலப்பக்கமாக அறுபது டிகிரி திருப்பி, அந்தத் திசையில் காட்டை நேராக வெட்டச் சொன்னார்.

"அந்த வெட்டுமேலதான் தம்பிய வச்சது. எனக்கு அன்னைக்குக் காச்ச அனலா அடிக்கி, எடம் ஒண்ணும் கண்ணுல நிக்கல்ல. குழி வெட்டினது வேற ஆளுவ. முடிஞ்ச பொறவு ஐயா, 'ஏலே சங்கிலி, கீழக்கல்லுலேருந்து இங்கன எம்புட்டுன்னு பிடிலே'ன்னாவ. பிடிச்சேன். ஒம்பது சங்கிலி. ஒரு கண்ணி கூடல்ல, ஒரு கண்ணி குறையல்ல. மேலக்கல்லுக்கும் பிடிக்கணும்னு திரும்புனேன். அங்கனயே விழுந்துட்டேன். முழிச்சது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில."

"அடையாளம் ஏதும் வச்சாங்களா அண்ணாச்சி?"

"நான் விழுந்த பொறவு கல்லு வச்சதாச் சொன்னாவ. நான் பாக்கல்ல."

செண்பகவல்லி சிலேட்டை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரு கோணமும் கையில் இருக்கின்றன. பத்து, அறுபது, ஒன்பது. அடிக்கோட்டைப் போட்டாள், கோணத்தைத் திருப்பினாள், கீழக்கல்லிலிருந்து ஒன்பதை அளந்து கோட்டோடு சேர்த்தாள். பழகிய கை, பழகிய படமே வந்தது. மூன்று கோணமும் கூர்மையாக நிமிர்ந்து நிற்கிற முக்கோணம்.

"மேலக்கல்லுலேருந்து ஏழரைச் சங்கிலி வருது."

"ஏழரையா!" சங்கிலிப்பாண்டி உதட்டைப் பிதுக்கினார். "சனியன் பிடிச்சதுக்கு ஏத்த அளவுதான். ஆனா சரியா இருக்கும் தாயி. வெகுதூரம் தூக்கிட்டுப் போன ஞாபகம் எனக்கு."

காய்ச்சல்காரனுக்கு எந்தத் தூரமும் வெகுதூரம்தான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று உச்சிக்கு இலை போட்ட பேராச்சி, சாயங்காலம் தன் கைப்பிடிச் சோற்றைத் தொடவில்லை. "அவன் இருக்க எடம் தெரிஞ்சுபோச்சு. அவன் தின்ன பொறவுதான் இனி நான்" என்றாள். மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் கஞ்சித் தண்ணீரையும் தள்ளிவிட்டாள். நாடி பார்த்த டாக்டர் செண்பகவல்லியை வாசலுக்கு அழைத்து, "வயித்துக்கு ஏதாவது போகணும்மா. இப்படியே விட்டா ஆடி பொறக்கிறதப் பாக்கமாட்டா" என்றார். ஆடிக்கு அதிக நாள் இல்லை.

செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். சங்கிலிப்பாண்டியும், மண்வெட்டியோடு இரண்டு ஆள்களும் கூட வந்தார்கள். பெரிய அருவிக்குப் பக்கத்திலிருந்து ஏறி, செண்பகாதேவி போகிற பாதையில் பாதி வழியில் ஒற்றையடித் தடமாகப் பிரிந்து போனார்கள். மேலக்கல் பாசி பிடித்து அப்படியே இருந்தது. ஓடைக்கரையில் கீழக்கல்லும் இருந்தது. மேலக்கல்லிலிருந்து போன வெட்டுதான் எங்கே என்று தெரியவில்லை. காடு அதை மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தூரக்கண்ணாடி இல்லாமல் அறுபது டிகிரிக்கு எங்கே போவது என்று ஆள்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செண்பகவல்லி மூன்று கம்பை ஒரே நீளத்துக்கு வெட்டச் சொல்லி, முனைக்கு முனை கட்டினாள். மூன்று பக்கமும் சமமானால் மூன்று கோணமும் அறுபதுதான்; எவ்வளவு அமுக்கினாலும் அசையாது. அதை மேலக்கல்மேல் வைத்து, ஒரு கம்பைக் கீழக்கல்லைப் பார்க்கத் திருப்பினாள். அடுத்த கம்பு காட்டிய பக்கம் ஆள்கள் புதரை வெட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சமதளம் வந்தது. பெரிய நாவல் மரம். அதனடியில் மூன்று கல் அடுப்பு. கரி பிடித்துக் கறுத்திருந்தது. விறகு பொறுக்குகிற பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"யாரு, டீச்சரம்மாவா?" அவள் நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு விறகு போடுகிற முப்பிடாதி. "காட்டுக்கும் பாடம் நடத்த வந்துட்டியளா? இங்கன குரங்குதாம்மா படிக்கும்."

"அதுவாவது படிக்கட்டும்" என்றார் சங்கிலிப்பாண்டி.

"வாங்க, ஒரு வா சோறு தின்னுட்டுப் போங்க. ஆனா அரவேக்காடுதான் கெடைக்கும், சொல்லிட்டேன்."

"ஏன், ஒனக்குச் சமைக்கத் தெரியாதா?" என்றார் அவர்.

"வே, எம் மாமியாகூட எஞ் சோத்தக் குறை சொன்னதில்ல! இந்தச் சவத்தடுப்பு இருக்குல்லா, இதுல என்ன செஞ்சாலும் வேகாது. தண்ணி கொதிக்கும், அரிசி குதிக்கும், எடுத்துத் தின்னா நடுவுல கல்லு. எத்தன வருசமாப் பாக்கேன். வேற எடத்துல வைப்பம்னா நிழலும் சமதளமும் இங்கனதான் இருக்கு."

செண்பகவல்லிக்கு அந்தச் சொல் காதில் சுருக்கென்றது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தேக்கிலையில் முப்பிடாதி வைத்த சோற்றைத் தின்றாள். பருக்கை பல்லில் நறநறத்தது. உச்சி வெயில் இருக்கவேண்டிய நேரம். சாரல் மேகம் மரத்துக்கு மேலேயே படுத்துக்கிடந்தது. நனைந்த விறகின் புகை மேலே போகாமல் தரையோடு தரையாக அவள் மடியைச் சுற்றி வந்தது. குனிந்து விலக்கினாள், மறுபடி வந்தது.

"பொகைக்கு டீச்சரப் பிடிச்சுப்போச்சு" என்றாள் முப்பிடாதி.

பிறகு அவர்கள் ஏழரைச் சங்கிலிக்கு இறங்கிப் போனார்கள். கீழக்கல்லிலிருந்து ஒன்பது சங்கிலி நீளக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கோட்டில் சேர்த்தார்கள். சேர்ந்த இடத்தில் தோண்டினார்கள். சுற்றிலும் தோண்டினார்கள். கறுப்பு மண்ணும் வேரும் வந்தன. கடைசியில் தண்ணீர் ஊறி வந்தது. அந்த மண் யார் கையும் படாத மண் என்று தோண்டியவர்களே சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பேராச்சி சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தாள். செண்பகவல்லி மலைக்குப் போனதை அவளிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வருவது போலவே காலைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி செம்பகம்."

"என்னம்மா?"

"உச்சிக்கு வந்தான். எலையில உக்கார மாட்டேன்னுட்டான். 'அக்கா என் தலமாட்டுல உக்காந்து சோறு திங்கா. எனக்கு ஒரு வா தரல்ல'ன்னு அழுதான்." அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏன்டி, ஒரு வா குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சா போவும்?"

பட்டினி கிடக்கிறவளின் பிதற்றல் என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்தவள் வேறு எதைச் சொல்லிக்கொள்வாள். ஆனால் அன்று இரண்டாம் முறை வாய் கொப்பளித்தும் பல்லில் அந்தப் பருக்கை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில், யார் வீட்டு ஆடோ தெருவை விட்டுக் கொஞ்சம் தள்ளி முளையடித்துக் கட்டியிருந்தது. தெருவில் முருங்கைத் தழை நீளமாகச் சிந்திக் கிடந்தது. ஆடு அதை எட்டப் பார்த்தது. தெருவோரத்தைத் தொட்டதுமே கயிறு விறைத்து நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்து, கத்திவிட்டு, முளைப்பக்கமாகத் திரும்பி, ஒரு சுற்றுப் போய், இன்னொரு பக்கமாக மறுபடி தெருவுக்கு வந்தது. அங்கேயும் தெருவோரத்தில் கயிறு விறைத்து நின்றது.

செண்பகவல்லி குடையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

அதே முளை. அதே கயிறு. அதே தெரு. ஆடு தெருவைத் தொட்ட இடம் மட்டும் இரண்டு.

பின்னால் வந்த இரண்டு பிள்ளைகள், "டீச்சர், ஆடு முட்டுமா?" என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை. முளை கீழக்கல். தெரு அந்த வெட்டு. கயிறு ஒன்பது சங்கிலி. ஒன்பது சங்கிலிக் கயிறு அந்தக் கோட்டை ஒருதரம் தூரத்தில் தொடும். ஒருதரம் கிட்டத்தில் தொடும். தூரத்தில் தொட்டால் அவளுக்குப் பிடித்த முக்கோணம். கிட்டத்தில் தொட்டால் விரிகோணம். சரிந்து விழுந்தவன் போலக் கிடக்குமே, அது. பிடிக்காததால் அவள் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் வரைந்தாள். பிள்ளைகள் ஏதோ பாடம் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கிட்டத்துப் புள்ளி மேலக்கல்லிலிருந்து இரண்டரைச் சங்கிலியில் விழுந்தது. அந்த இடம் எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேலக்கல்லிலிருந்து இறங்கினால் கொஞ்ச தூரத்தில் ஒரு சமதளம். ஒரு நாவல் மரம்.

அப்போதுதான் அந்த மூன்று கல்லும் அவளுக்குப் புரிந்தது. ஒரு கல் தானாகக் கிடக்கும். இரண்டு கல்லும் கிடக்கும். மூன்று கல்லைச் சமதூரத்தில் வைத்தால் மனிதன் வைத்தது என்று தெரியும் என்று அந்த வெளியூர் அதிகாரி நினைத்திருப்பார். மனிதன் மூன்று கல் வைத்தால் இந்த ஊர்க்காரர்கள் அதில் என்ன ஏற்றுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

சுண்ணாம்புக்கட்டி கையில் ஒடிந்தது. கீழக்கல்லிலிருந்து பார்த்தால், நேற்று அவள் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற இடமும் ஒன்பது சங்கிலி. அவன் கிடந்த இடமும் ஒன்பது சங்கிலி. அக்காவும் தம்பியும் சமபக்கத்தில்.

அடுத்த நாளே மலையேறினார்கள். அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பேராச்சிக்கு அன்று குரலே எழும்பவில்லை.

நாவல் மரத்தடியில் முப்பிடாதி வழக்கம்போலப் பானை ஏற்றியிருந்தாள்.

"பானைய எறக்கு முப்பிடாதி."

"இப்பதாம்மா கொதி வந்திருக்கு. செத்த பொறுங்க."

"எறக்கு."

"நல்லா இருக்கே கூத்து! ஏன், இது ஒங்க வீட்டு அடுப்பா?"

"ஆமா" என்றாள் செண்பகவல்லி. "எங்க வீட்டு அடுப்புதான்."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. முப்பிடாதி முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கினாள். சங்கிலிப்பாண்டி கீழக்கல்லுக்குப் போய்க் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டார். ஆள்கள் மறுநுனியை இழுத்து வந்தார்கள். கயிறு விறைத்து நின்றபோது, நுனி முடிச்சு சரியாக மூன்று கல்லுக்கு நடுவே, சூடு ஆறாத சாம்பல்மேல் இருந்தது.

கீழேயிருந்து சங்கிலிப்பாண்டியின் குரல் வந்தது. "சேந்துச்சா?"

ஆள்கள் கயிற்றைக் கீழே விட்டார்கள்.

கல்லை நகர்த்தினார்கள். சாம்பலை வழித்தார்கள். மண் செங்கல் நிறத்துக்குச் சுட்டிருந்தது. அதற்குக் கீழே பொதுபொதுவென்று இருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினார்கள். முதலில் வந்தது வெள்ளி அரைஞாண். கறுத்துப்போயிருந்தது. பத்தாம் வகுப்பு தேறியபோது அப்பா தென்காசிப் பத்தரிடம் செய்யக் கொடுத்தது. கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முறுக்குக் கம்பி. கொக்கியைச் சின்னச் சண்டையொன்றில் உடைத்தவளே செண்பகவல்லிதான்.

"இருக்கான் அண்ணாச்சி" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

முப்பிடாதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, ஆறு வருசமா ஒரு புள்ள தல மேலல்லாம்மா தீய வச்சேன். சவத்தடுப்பு சவத்தடுப்புன்னு வாயால வேற சொன்னேனே! எம்புட்டுச் சோறு இவன் தலைக்கு மேல வெந்துச்சு, ஒரு பருக்க இவனுக்கு வைக்கல்லியே."

"வேகல்லியேட்டி" என்றாள் கூட வந்த ஒருத்தி, மெதுவாக.

எலும்புகளைப் புதுப்பானையில் எடுத்துத் துணி கட்டியானது. முப்பிடாதி எழுந்து, இறக்கி வைத்த பானையைக் கொண்டுவந்தாள். "அரவேக்காடானாலும் ஒரு பிடி வைங்கம்மா. பசியாக் கெடந்திருக்கும்." தேக்கிலையில் சோற்றைச் சரித்தாள். செண்பகவல்லி ஒரு பிடி எடுத்துக் குழிக்கரையில் வைக்கப் போனாள். விரலுக்குள் சோறு மசிந்தது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். நடுவில் கல் இல்லை. குழைய வெந்திருந்தது.

முப்பிடாதியும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். பானையைப் பார்த்தாள். அணைந்து கிடந்த கொள்ளியைப் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அருவிக்குக் கீழே ஆற்றில் செய்யவேண்டியதைச் சங்கிலிப்பாண்டியே தம்பிக்கு அண்ணனாக நின்று செய்தார். வெயில் சாய்ந்து, நனைந்த சேலையோடு செண்பகவல்லி வண்டியில் ஊருக்கு வந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். வாசலில் கூட்டம் நிற்கக்கூடாது. முடுக்குக்குள் திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாராவது உள்ள போனாங்களா?"

"ஒரு ஈ போகல்லக்கா. நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல."

உள்ளே போனாள். பேராச்சி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே உச்சிக்குப் போட்ட இலை. ஆறு வருஷமாக அந்த இலை சாயங்காலம்வரை விரித்தபடிதான் கிடக்கும். இன்றைக்கு மடித்திருந்தது. சாப்பிட்டவர் நம் ஊரில் எப்போதும் மடிப்பது போலத் தன் பக்கமாக அல்ல; எதிர்ப்பக்கமாக. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கிறவர் மடிக்கிற மாதிரி.

செண்பகவல்லி குனிந்து இலை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"யம்மா, எலைய யாரு மடிச்சா?"

"நான் மடிக்கலட்டி. சோத்த வச்சுட்டு அப்படியே சாஞ்சேன். கண்ணத் தொறந்தா இப்படிக் கெடக்கு." மகளின் நனைந்த சேலையையும், இடுப்பில் முடிந்திருந்த கறுத்த வெள்ளியையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கையை நீட்டி அரைஞாணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு, "வயிறு காந்துது. அரிசி போடுதியா?" என்றாள்.

செண்பகவல்லி அடுப்படிக்குப் போனாள். தீ மூட்டினாள். பானையை ஏற்றுமுன் அடுப்பின் மூன்று குமிழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். உலை கொதித்தது. அரிசியைப் போட்டுவிட்டு, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். உள்ளேயிருந்து அம்மா இரண்டு தரம், "ஆச்சாட்டி?" என்று கேட்டாள்.

ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கினாள். எல்லார் வீட்டிலும் சோறு வேக எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது.